பாலத்தைக் காப்பாற்றுகிறவர்

ஊருக்கு ஒருவராவது இருப்பார், பழமையைக் காப்பாற்றுகிறவர். அவர் ஒரு பொருளைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டால், பிறகு அதை யாராலும் பயன்படுத்த முடியாது.

எங்கள் ஊர்க்காரரிடம் மாட்டிக்கொண்டது, ரயில் பாதைக்கு மேலே நிற்கும் பழைய கருங்கல் பாலம். தினமும் காலையில் அதன் கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, போகிற வருகிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்தி, "இந்தக் கல்லு மூச்சு விடுது, கேக்குதா?" என்பார். கேட்கவில்லை என்றால் விடுவாரா? பால்காரர் தூரத்திலேயே "கேக்குதுங்க, நல்லாவே கேக்குது" என்று கத்திக்கொண்டு சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

ஒருநாள் ரயில்வே பொறியாளர் அவரைத் தேடி வந்தார்.

"சார், சில கல்லு ஆடுது. சுண்ணாம்புக் கலவை வெச்சு இறுக்கிட்டாப் போதும். இல்லேன்னா பாலத்தை மூடணும். கீழே ரயில் ஓடுது."

"கல்லைத் தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி!" என்று நம்மவர் மிரட்டினார்.

பாலப் பாதுகாப்புக் குழு கூடியது. தலைவர் நம்மவர்தான். பழைய சுண்ணாம்பு வெள்ளையா, மங்கல் வெள்ளையா என்று விவாதித்தார்கள். முடியவில்லை. மறுபடி கூடி, விரிசலில் முளைத்த செடியும் பழமையில் சேர்த்தியா என்று விவாதித்தார்கள். பொறியாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு போட்டுவிட்டுப் போனார்.

தையல்காரம்மாவுக்கு வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், கடை இந்தப் பக்கம். ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கடை திறப்பதற்குள், துணி கொண்டுவந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

தலைவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இனிமே பாலம் தேயவே தேயாது!" என்று கல்வெட்டு ஒன்று செய்து, அதற்குத் திரைச்சீலை தைக்க அந்த அம்மாவிடமே கொடுத்தார். கல்வெட்டுத் திறப்பு விழாவன்று அந்த அம்மா திரைச்சீலையோடு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு? உன் வீடு இதோ, எதுத்தாப்லதானே இருக்கு?"

"தெரியுதுண்ணே. வரத்தான் வழியில்லை. கடையைக் காலி பண்ணிட்டேன். இதுதான் அங்கே தெச்ச கடைசித் துணி."

"அடடா!" தலைவர் உண்மையாகவே பதறினார். "அப்ப உன் தையல் மெஷின்? பழசாச்சே! யாரும் தொடாமப் பாத்துக்கம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கும் வருகிறது, இல்லையா? நல்லது. அதே கோபத்தோடு எழுந்து போய், உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியைப் பாருங்கள். அங்கே பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவற்றைத் துடைத்துத் துடைத்து வைக்கிற உங்கள் மனைவி, அவற்றில் ஒரு வாய் காபி குடித்திருக்கிறாரா என்று கேளுங்கள்.