பெரியண்ணன் மேல் நான் கொடுத்த பிராது

சும்மா உட்காருவதற்குக்கூட எனக்குத் தகுதி கிடையாது என்று ஒரு மலைக் கிராமமே கூடி முடிவு செய்திருக்கிறது. மற்றவர்களுக்கு இந்தச் சான்றிதழைக் கொடுக்க ஒரு மேலதிகாரியோ மாமனாரோ போதும். எனக்கு ஒரு ஊர் தேவைப்பட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தேன். மேஜையில் இரண்டு டெலிபோன். இரண்டிலும் ஒரே நேரத்தில் கத்துவேன். (டெலிபோன் இல்லாமலே விஜயவாடாவுக்குக் கேட்கும் என்பார்கள் ஆபீஸில்.) ஒருநாள் தலை சுற்றி நாற்காலியோடு சாய்ந்தேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். "இந்த வயசுல இவ்வளவு பிரஷர் ஆகாது. மாத்திரை எழுதறதுக்கு முன்னால ஒரு மாசம் தர்றேன். உடம்பையும் மனசையும் தளர்த்தக் கத்துக்குங்க. தியானம் பண்ணுங்க" என்றார்.

நான் படிக்கிற ஆள். அதுதான் வினை. ஒரே வாரத்தில் தியானம் பற்றி நான்கு புத்தகங்களை முடித்து, டீக்கடையில் அதைப் பற்றி உரத்த குரலில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். செய்து பார்ப்பதுதான் பாக்கி. பஸ் ஸ்டாண்டில் ஒரு தளர்வுப் பயிற்சி கேசட் வாங்கினேன். மச்சானிடம் வாக்மேன் இரவல் வாங்கினேன். கேசட்டில் ஒருவர், "உங்கள் வலது கால் கட்டைவிரல் தளர்கிறது" என்பார் தேன் சொட்டும் குரலில். "ஏனுங்க, கேஸ் தீந்துருச்சு" என்பாள் என் மனைவி சரசு. மூன்று நாளாகியும் என்னால் கட்டைவிரலைத் தாண்ட முடியவில்லை.

"உங்க வெரலு தளர்றதுக்குள்ள என் உசுரு போயிரும். எங்காச்சும் மலைமேல போயித் தளருங்க" என்றாள் சரசு.

மலை என்றதும் பெரியண்ணன் ஞாபகம் வந்தது. கொல்லிமலையில் திருப்புலி நாட்டுக்காரர். (மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு.) அவருடைய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, எங்கள் லாரியில்தான் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும். ஆபீசுக்கு வரும்போதெல்லாம், "ஒருக்கா நம்ம ஊட்டுக்கு வாங்க சாமி" என்பார். கிளம்பிவிட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதாவதிலேயே என் உடம்பு முழுவதும் தளர்ந்துவிட்டது. ஆனால் கேசட்காரர் சொன்ன தளர்வு அதுவல்ல. (ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்த புண்ணியவான் வாழ்க.)

போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மறுநாள் காலை அவர் மகள் செல்விக்கு நிச்சயம். மாப்பிள்ளை குண்டனி நாடு. முந்தின வருஷம் ஒரு சம்பந்தம் வெற்றிலை மாற்றுகிற அன்றைக்கே கலைந்துபோய், பெண் மாதக்கணக்கில் வாசலுக்கே வராமல் கிடந்தாளாம். "இது மட்டும் நல்லபடியா முடிஞ்சிரணுங்க" என்று பெரியண்ணன் அன்று மாலை பத்துத் தடவையாவது சொன்னார். அவர் மனைவி ராகிக் களியும் கோழிக் குழம்பும் போட்டார். படுக்கக் கம்பளி கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வீடு பரபரப்பாக இருந்தது. குறுக்கே நின்று தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் (என் வாழ்க்கையின் பெரிய விபத்துகள் எல்லாமே நல்ல எண்ணத்தில் தொடங்கியவை) வாக்மேனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். ஊர் நடுவில் ஒரு சாமி கல், அதற்கு எதிரே வழவழப்பான ஒரு பாறை. ஒரு ஈ காக்கை இல்லை. வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்று நான்கு புத்தகங்களும் சொல்லியிருந்ததால், கொடுத்த காப்பியைக்கூட வேண்டாம் என்றிருந்தேன். காதில் ஹெட்போன், குளிருக்கு அதன்மேல் குரங்குக் குல்லா. சம்மணம் போட்டுக் கண்ணை மூடினேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அது தெரியாது. ஒருவருக்கு இன்னொருவர்மேல் மனக்குறை இருந்தால், காலையில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அந்தப் பாறையில் வந்து பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பெயர் பிராது. ஊர் கூடி ஒவ்வொரு பேராகக் கேட்கும். சரியான பேர் வந்ததும் அவர் தலையசைப்பார். குறை தீர்ந்து, குற்றவாளியின் கையால் அவர் ஒரு வாய் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை ஊரில் எந்த நல்ல காரியமும் நடக்காது.

இதற்குப்பின் நடந்ததைப் பெரியண்ணன் பிற்பாடு சொல்லித்தான் நான் அறிந்தேன். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு ஊர்க்கவுண்டர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவர்தான் அந்த ஊருக்குத் தலைவர். பத்து நிமிஷத்தில் ஊரே என் முன்னால். அதே நேரம் மாப்பிள்ளை வீட்டார் ஜீப்பில் வந்து இறங்கி, அவர்களும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

"பஸ்ஸுல கண்டக்டரு எதும் பேசிப்போட்டானுங்களா?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர். நான் அசையவில்லை. கேசட்டில் அப்போது முழங்கால் ஓடிக்கொண்டிருந்தது.

"கடைக்காரனுங்களா?" அசையவில்லை. இடுப்பு.

யாரோ தயங்கித் தயங்கி, "நம்ம பெரியண்ணனா?" என்றார்களாம். சரியாக அந்த நொடியில்தான் தேன்குரல், "தாடை தளர்ந்துவிட்டதா? தளர்ந்திருந்தால் மெல்லத் தலையசையுங்கள். முகத்தில் ஒரு புன்னகை மலரட்டும்" என்றது. அதுவரை வீட்டில் கட்டைவிரலைத் தாண்டாதவன் தாடைக்கே வந்துவிட்ட சந்தோஷத்தில் மெல்ல அசைக்கவில்லை, பலமாகவே அசைத்தேன். புன்னகையும் மலர்ந்தது.

"சிரிச்சுக்கிட்டே பிராது குடுக்கறானப்பா! பெரிய வெசகாரனா இருப்பான்" என்றாராம் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

எனக்கு இது எதுவும் தெரியாது. தேன்குரல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது. "த... ள... ரு..." என்று இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பூதம் பேசுவதுபோல ஆனது. ஆஹா, ஆழ்நிலைக்குப் போகிறேன் என்று பூரித்தேன். (பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.) பிறகு முழு அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு அழுகுரல் கேட்டது. எந்தப் புத்தகத்திலும் அழுகை வருமென்று போட்டிருக்கவில்லையே என்று கண்ணைத் திறந்தேன்.

எதிரே நாற்பது ஐம்பது பேர். ஓரத்தில் பட்டுப்புடவையோடு செல்வி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். என் காலடியில் பெரியண்ணன், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்.

"தப்புத்தானுங்க. அந்தக் கம்பளி புதுசுன்னு சொன்னேன். ஆடு குட்டி போட்டப்ப விரிச்சதுங்க அது. தொவச்சுத்தான் குடுத்தேன். அப்பறம் கோழிக்கொழம்பு... அவருக்குக் கழுத்தும் காலுந்தான் வெச்சேன். நல்ல கறியெல்லாம் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குன்னு எடுத்து வெச்சுட்டனுங்க."

"எதுக்குங்க இதெல்லாம் சொல்றீங்க?" என்றேன் திகைத்துப்போய்.

"நீங்கதானுங்களே பிராது குடுத்தீங்க!"

விஷயம் புரிந்ததும் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த என் குரல் முழு வேகத்தில் வெளியே வந்தது. "பிராது இல்லீங்க! தியானமுங்க! யார்மேலயும் பிராது இல்லீங்க!" எதிர் மலையிலிருந்து 'இல்லீங்க' திரும்பி வந்தது. குல்லாவைக் கழற்றி ஹெட்போனைக் காட்டினேன். ஊர்க்கவுண்டர் அதை வாங்கி, தன் தலையில் மாட்டிக்கொண்டு, வெகுநேரம் கவனமாகக் கேட்டார்.

"ஒண்ணுமே கேக்கலியே."

"பேட்டரி தீந்துபோச்சுங்க."

"ஒண்ணும் கேக்காம இருக்கறதுக்கா கண்ணு இத்தன தூரம் பஸ் ஏறி வந்தே?"

நான் குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

இந்தச் சம்பந்தமும் கலைந்துவிடுமோ என்று எல்லோரும் மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பார்த்தார்கள். அவர் இறுகிய முகத்தோடு பெரியண்ணன் பக்கம் திரும்பினார். "அந்த நல்ல கறி... இன்னும் இருக்குதுங்களா?"

"அடுப்புமேலயே இருக்குதுங்க."

"ஊட்டுக்கு விருந்தாடி வந்த ஒறம்பரைக்குக்கூட போடாம எங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்காரு. இத விட என்னப்பா மரியாதை வேணும்? ஆகவேண்டியதப் பாருங்க."

பிராது இல்லையென்றாலும் பாறையில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். பெரியண்ணன் சாமைச் சோறு கொண்டுவந்து பிசைந்து, எனக்கு ஒரு வாய் ஊட்டினார். அரைமணி நேரத்தில் வெற்றிலை மாறியது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தபோது என் தோள் தானாக இறங்கியது, தாடை இளகியது, வலது கால் கட்டைவிரல் உட்பட எல்லாம் கழன்றதுபோல் ஆயிற்று. யாரும் அதற்குத் தலையசைக்கச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குச் சித்தித்த ஒரே தியானம் அதுதான். மற்றபடி டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார், விடாமல் சாப்பிடுகிறேன்.

செல்வியின் கல்யாணத்துக்கு எனக்குத் தனியாக ஆள் விட்டு அழைப்பு வந்தது, ஊர் கூடிப் போட்ட ஒரு நிபந்தனையோடு: "வந்தா மட்டும் பத்தாதுங்க. தாலி கட்டற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கோணும்." முகூர்த்தம் முடியும்வரை நான் வாயை மூடாமல் பார்த்துக்கொள்ளத் தாய்மாமன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டிலும் இப்போது நான் நிம்மதியாகக் கோபித்துக்கொள்ள முடிவதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தால் போதும், என் மகன் ஒரு தட்டில் சோற்றோடு வந்து எதிரே குந்திவிடுகிறான்.

"யாருமேலங்க பிராது? பால்காரரா? பக்கத்து ஊட்டுக்காரரா? அம்மாவா?"

நான் தலையசைப்பதற்குள் சமையலறையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்.

"தள்ளுபடி. சாப்பிடச் சொல்லு."