ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்

"கோழி வளர்ப்புப் புத்தகம் கேட்டா, நம்பரைப் பார்த்துட்டு வாங்கங்கறீங்க. நம்பர் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் சார் வரேன்?"

வாசகர் ஜெகபர் சாதிக் கத்திவிட்டுப் போனதும் நூலகர் சவரிராயன் புகார்களை எண்ணிப் பார்த்தார். இது ஒன்பதாவது புகார். பத்தானால் திருச்சி தென்னூரிலிருந்து துறையூருக்கு மாற்றல் என்று அதிகாரி எச்சரித்திருந்தார். அரியலூரில் வேலை பார்த்தபோதுதான் முதல் குழந்தை தங்கவில்லை. இவர் திருச்சி வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. இப்போது மனைவி டோரதிக்கு மறுபடி ஏழாம் மாதம்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுக் குறித்த நம்பர் அட்டைகளைத் தூக்கிப் போடவும் முடியாது. கல்லூரிப் பேராசிரியர்கள் அதில்தான் தேடுவார்கள். ஆகவே மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குக்கூடப் போகாமல், கோழி, சமையல், ஜாதகம் என்று பேர் பேராக எழுதி இன்னொரு அட்டைப் பெட்டி தயாரித்தார். அதன்மேல் 'புதியவர்களுக்கு', பழையதன்மேல் 'ஆராய்ச்சியாளர்களுக்கு' என்று பலகை மாட்டினார்.

புதியவர் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. திருச்சிக்காரனுக்கு வேறு எது இல்லாவிட்டாலும் கௌரவம் உண்டு. நாலு பேர் பார்க்க அங்கே போய் நிற்பதாவது! ஜெகபர் சாதிக்கே ஆராய்ச்சிப் பெட்டியை முக்கால் மணி நேரம் குடைந்துவிட்டு, வெறுங்கையோடு போனார்.

"பலகை வேணாம் சார். புதுசுக்கு மஞ்சள், பழசுக்கு நீலம்னு கலர் காகிதம் ஒட்டிடலாம்" என்றான் உதவியாளன் அடைக்கலம்.

மஞ்சள் என்றால் மக்கு என்பது இரண்டே நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் மஞ்சளைத் திறந்த ஒரு பேராசிரியரைப் பார்த்து மாணவர்கள் சிரித்தார்கள். பத்தாவது புகார் அவருடையது.

"திங்கட்கிழமை நேரில் வருகிறேன்" என்று அதிகாரி எழுதினார்.

சவரிராயனுக்கு ஊர்மேலேயே ஆத்திரம் வந்தது. காகிதத்தைக் கிழித்தார். பழைய பலகைகளையே மாட்டினார். உள்ளே இருந்த அட்டைகளை மட்டும் பெட்டி மாற்றி வைத்தார். எளிய அட்டைகள் இப்போது ஆராய்ச்சியாளர் பெட்டியில்.

அன்றே கூட்டம் மொய்த்தது. ஜெகபர் சாதிக் கோழியோடு போனார். திங்கட்கிழமை அதிகாரியும் நேரே அந்தப் பெட்டிக்குத்தான் போனார். அரை நிமிஷத்தில் மூட்டுவலி வைத்தியம் கிடைத்துவிட்டது.

"ஆராய்ச்சி அட்டையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுய்யா!" என்று பூரித்துப் போனார். சவரிராயன் டோரதிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுவாரம் உத்தரவு வந்தது. 'இங்கு வாசகர் அனைவரும் ஆராய்ச்சியாளர்களாக இருப்பதால் பயிற்சி பெற்ற நூலகர் அவசியமில்லை. உதவியாளரே போதும். சவரிராயன் உடனே துறையூரில் சேரவும்.'

"இப்பவே போய் அட்டையை மாத்தின கதையைச் சொல்லிடறேன்" என்று சவரிராயன் செருப்பைத் தேடினார்.

அடைக்கலம் செருப்பை எடுத்து வைத்தான். "போயிட்டு வாங்க சார். ஆனா, அதிகாரி அய்யா தேடினது மக்குங்களுக்கு எழுதின அட்டையிலன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னா, துறையூரோட விடுவாரா?"