அன்னத்து மூக்கு மேல ஈ

தொம்மலூர் தனக்கோடி போடுற அப்பளத்துக்கு அன்னம் மார்க். படம் போட்ட ஆளு அல்சூர் ஏரிக்கரையில உக்காந்து வரைஞ்சதால அது கொஞ்சம் வாத்து மாதிரிதான் இருக்கும். அவ கல்யாணப் பந்தல்ல அதே ஆளு வரைஞ்ச யானையும் எருமை மாதிரிதான் இருந்துச்சு. அந்த எருமைக்குப் பொட்டு வெச்சுக் கும்பிட்டவங்களும் உண்டு, அது கெடக்கட்டும். வாத்தோ அன்னமோ, சர்க்கார்ல முறைப்படி பதிஞ்ச மார்க்கு.

அறுபதாம் வருசம் சின்னப்பான்னு ஒருத்தன் அதே அன்னத்தைப் போட்டு அப்பளம் விக்க ஆரம்பிச்சான். எண்ணெயில போட்டா பொரியாது, ஊறும். திட்டு மட்டும் தனக்கோடிக்கு. வாடிக்கைக் கடையெல்லாம் ஒண்ணொண்ணா கையை விரிக்கவும், அவ மார்க் ஆபீசுக்கு ஓடினா.

குமாஸ்தா ஹெர்பர்ட் பதிவேட்டைப் பிரிச்சாரு. "அவரு மார்க் வேற, உங்க மார்க் வேறம்மா. உங்க அன்னத்து மூக்கு மேல ஈ இருக்கு. அவரோடதுல இல்ல."

என்னிக்கோ பதிவேட்டை மூடுறப்ப நசுங்கின ஈ.

"ஐயோ, இது செத்த ஈ சார்!"

"செத்தாலும் பதிவுல இருக்கே."

"ஒரு ஊது ஊதுங்க, போயிடும்."

ஹெர்பர்ட் பதறிட்டாரு. "பதிவேட்டை ஊதித் திருத்த எனக்கு அதிகாரம் கெடையாது. மனு போடுங்க."

போட்டா. 'மேற்படி ஈ மேற்படி அன்னத்தின் மீது அமர்ந்த தேதி யாது?'ன்னு பதில் வந்துச்சு. அதுக்கும் ஒரு பதில் எழுதினா. அப்புறம், ஈயை எடுக்க ஆட்சேபணை உள்ளவங்க வரலாம்னு விளம்பரம். சின்னப்பா வந்தான்.

"அந்த ஈதான் சாமி அவங்க அப்பளத்துக்கே லட்சணம்!"ன்னு அதிகாரி சீனிவாசராகவன் முன்னாடி கண்ணு கலங்கினான்.

"ஏண்டா, ஈயடிச்சான் காப்பி அடிச்சவனே, அந்த ஈயை மட்டும் ஏண்டா விட்டே?"ன்னா தனக்கோடி.

அதிகாரி தனக்கோடி பக்கம்தான் தீர்ப்பு சொன்னாரு. ஆனா அதை டைப் அடிச்சவரு மத்தியானம் முத்தே உருண்டை ஊட்டாவை வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவரு. ராகி உருண்டை கண்ணைத் திறக்க விடுமா? 'ஈ நீக்கப்படுகிறது'ன்னு வரவேண்டியது 'ஈ நீங்கலாக மார்க் ரத்து'ன்னு வந்துச்சு. அதிகாரி படிக்காம கையெழுத்துப் போட்டாரு.

"சார், அன்னம் போயி ஈ நின்னுடுச்சே!"

"உத்தரவு உத்தரவுதாம்மா. இனி தின்பண்டத்து மேல ஈ உங்களுக்கே உரியது. வேற யாரும் உபயோகிக்கக் கூடாது."

"யாருமேவா?"

"சர்க்காரே ஆனாலும்."

தனக்கோடி அவர் மேசையைப் பாத்தா. தட்டுல போண்டா, போண்டா மேல மொய்மொய்னு.

"அப்ப என் மார்க்கை உங்க போண்டாவுல யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

மறுநாளே ஆபீசுக்கு வக்கீல் நோட்டீஸ். சின்னப்பாவுக்கும் ஒண்ணு. அவன் கடையில மொய்ச்சது கொஞ்சமா!

அந்த ஆபீஸ்ல எப்பவும் ஈ ஓட்டுறவங்கதான். இப்ப ஆளுக்கொரு விசிறி குடுத்து, ஆர்டர் போட்டு ஓட்டச் சொல்லியிருக்கு. சின்னப்பாவும் கடையில ஈ ஓட்டுறான்.

தனக்கோடியா? ஈ மார்க் அப்பளத்தை எவ வாங்குவா? அவளும் ஈதான் ஓட்டுறா. என்ன, அவளோடது பதிவு பண்ணின ஈ.