வண்டலும் பெலாச்சானும் ஒரே ஐஸ் பெட்டியில

திங்கக்கிழமை எனக்கு ஒரே வேலைதான். கோத்தா கோலா மூடாவுக்குப் போயி, ஆறு கடல்ல சேர்ற இடத்துல மூணு எடத்துச் சேறு எடுத்து, சுங்கைப்பட்டாணி லேப்ல கொடுக்கணும்.

சுற்றுச்சூழல் கன்சல்டன்சி கம்பெனியில பதினோரு வருசமா இதே வேலைதான். ஆனா போன வெள்ளிக்கிழமை என்னைய வண்டல் பிரிவுக்கு ஹெட் ஆக்கிட்டாங்க. ஆத்துக்கடியில படியிற மண்ண ஆராயுற பிரிவு.

"ஹெட் ஆயிட்டீங்க, சேறு எடுக்க வேற ஆள அனுப்பலாமே லா"ன்னாரு போஸ் ஜெயராஜ் சார்.

"தலைவின்னா முன்னால நின்னு செஞ்சு காட்டணும் சார்"னேன். ரொம்ப நல்லா செஞ்சு காட்டினேன்.

படகுல போயி சேறு எடுத்தேன். வெளிச்சம் படக்கூடாதுன்னு மூணையும் கறுப்பு பிளாஸ்டிக்ல சுத்தி ஐஸ் பெட்டியில வச்சேன். லேபிள லேப்ல போயி ஒட்டிக்கலாம்னு விட்டுட்டேன். ஞாபகம் இருக்காதா என்ன?

கரைக்கு வந்தா மாமியார் போன். "அங்க பெலாச்சான் நல்லாருக்கும்மா. மூணு கட்டி வாங்கிட்டு வா."

பெலாச்சான்னா கூனி எறாவ இடிச்சுப் புளிக்க வச்ச கட்டி, சுட்டா ஊரே நாறும். கடைக்காரரும் ஒவ்வொண்ணையும் கறுப்பு பிளாஸ்டிக்லதான் சுத்திக் கொடுத்தாரு. வெயில் கடுமையா இருந்துச்சு. அதையும் ஐஸ் பெட்டிக்குள்ளயே போட்டேன். மூணு நாளா சளி வேற, மூக்கு சுத்தமா அடைச்சிருந்துச்சு.

லேப்ல மாலதி அக்காகிட்ட மூணு பைய எடுத்து, லேபிள் ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மிச்சத்த வீட்டுல வச்சிட்டு ஆபீஸுக்குப் போயிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மீட்டிங். ஆத்த ஆழப்படுத்தப் போற கிளையண்ட்கிட்ட, "இவங்கதான் எங்க புது ஹெட்"னு சார் சொல்லிக்கிட்டு இருக்காரு. மாமியார் கூப்புடுறாங்க.

"ஏம்மா, சம்பலுக்கு இடிச்சேன், கறகறங்குது. சிப்பி ஓடு வேற கெடக்கு."

"கழுவிப் பாருங்க அத்தை"ன்னேன், மெதுவா.

"கழுவினேன். எல்லாம் கரைஞ்சு ஓடிருச்சு. ஓடு மட்டுந்தான் இருக்கு."

போன வச்ச கையோட லேப்லேருந்து மாலதி அக்கா கூப்புட்டாங்க.

"உங்க சேத்த ஓவன்ல காய வச்சேன்மா. மேல்மாடி ஆளுங்க எல்லாம் எறங்கி வந்துட்டாங்க, லேப்ல யாரு பெலாச்சான் சுடுறதுன்னு."

வீட்டுல இன்னும் ரெண்டு பை இருக்கு, சமாளிச்சிடலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஆனா எது எந்த எடத்துச் சேறுன்னு யாருக்குத் தெரியும்? தப்பான எடத்தத் தோண்டிட்டா என்ன ஆகும்? அங்கயே உள்ளதச் சொல்லிட்டேன்.

சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. கிளையண்ட் மட்டும் கேட்டாரு: "உங்க மாமியார் சாப்புடலயே?"

"இல்ல சார்."

"அப்ப பரவால்ல. நாளைக்கு மறுபடி எடுத்துருங்க."

பதவி போகல. தலைமைப் பண்புக்கு ரெண்டு நாள் கோர்ஸ் அனுப்புனாங்க. நல்ல கோர்ஸ்தான். ஆனா எதையும் கொடுக்குறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாருன்னு அதுல யாரும் சொல்லித் தரல.