ஃபோர்மேன் நாகுவுக்குக் கண்ணீர் அஞ்சலி

பயந்த சுபாவம் உள்ளவர்களைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எதற்கெல்லாம் பயப்படுகிறோமோ அது எதுவும் நடப்பதில்லை. பயப்பட மறந்துபோன விஷயம்தான் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன் நான். எண்ணூர் பக்கம் புகை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவையே கலவரப்படுத்துவேன். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை அன்று காலையில் பயத்தில் வாந்தி எடுத்தேன். அதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. பிறகு தண்டையார்பேட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. இதில் கடைசி ஐட்டத்தில் என் கை கொஞ்சம் பேசும். (சொந்தக்காரர்களே பார்த்துவிட்டு, ‘உயிரோட இருந்தப்போ இவ்ளோ நல்லா இல்லியே’ என்பார்கள்.)

அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்த ஒரு தொடர் ‘விண்வெளித் துறைமுகம்’. அதில் வருகிறவர்கள் இஸ்திரி கலையாத உடுப்பில், செய்தி வாசிக்கிற தமிழில் பேசி, பிரபஞ்சத்தைக் காப்பாற்றுவார்கள். அது நன்றாக ஓடியதும், அதில் ஓரமாக வந்துபோன சரக்கு இறக்கும் ஃபோர்மேன் நாகுவைத் தனியாகப் பிய்த்து நட்டு, ‘ஒன்பதாம் பெர்த்’ (பெர்த் என்றால் கப்பலைக் கட்டிச் சரக்கு இறக்குகிற இடம்) என்று ஒரு கிளைத் தொடர் எடுத்தார்கள். நாகுவாக நடித்தவர் எங்கள் தேவராஜ் அண்ணன். அடுத்த தெரு. திருவொற்றியூருக்கும் ராயபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சர்ச் நாடகங்களில் தவறாமல் ஏரோது ராஜா. தொடர் வந்த பிறகு லில்லி அக்காவைத் தவிர (அவர் மனைவி) எல்லாரும் அவரை நாகு என்றே கூப்பிட்டோம்.

அந்தத் தொடரை நான் உயிருக்கு உயிராக நேசித்தேன். விண்வெளியிலும் ஒருவனுக்கு இடுப்பு வலிக்கும் என்று காட்டியது அதுதான். துறைமுக ரோட்டில் டிரெய்லர்கள் நிற்பது போல ராக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள். கேட் பாஸ் இல்லை என்று ஒரு செவ்வாய்க் கிரக மன்னனையே திருப்பி அனுப்பினார்கள். வேற்றுக்கிரகவாசி துப்பாக்கியைக் காட்டினால் நாகு, “இன்னா சவுண்டு வுட்டுகினு கீற? ஓரமா நில்லு நைனா, சரக்கு எறங்குது” என்பார். எங்கள் பாஷையைச் சிரிப்பு காட்டுவதற்கு வைத்துக்கொள்ளாமல், அதற்கு ஒரு பொறுப்பான உத்தியோகம் கொடுத்த தொடர்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வேற்றுக்கிரகவாசியின் தோல், வாசலில் போடுகிற தேங்காய் நார் மிதியடி. ஒரு சண்டைக் காட்சியில் முதுகில் ‘நல்வரவு’ தெரிந்தது. எண்ணூர் சாம்பல் மேட்டில் எடுத்த வேற்றுக்கிரகத்தின் மேல் ஒரு காகம் நிதானமாக நடந்து போனது. யாராவது அதிர்ச்சியானால், காற்றே இல்லாத இடத்தில் இடி இடித்து, முகத்தை மூன்று முறை காட்டினார்கள். பார்க்கிறவர்கள் குறைந்ததும் பதறிப்போய் ரோபோவுக்கு நினைவு தப்ப வைத்தார்கள். பிறகு அதற்கு ஒரு மாமியார் வந்தாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நாகு விண்கப்பலுக்கு வெளியே ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ‘தொடரும்’ போட்டார்கள். தொடரவில்லை. அடுத்த வாரம் அதே நேரத்தில் ஒரு அம்மா பன்னீர் வறுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்ணாரப்பேட்டை நைட்டிக் கடையில் வேலை செய்யும் என் தோஸ்து காதர்தான் வழி சொன்னான்.

“மாமு, நம்ம ஏரியால எவன் போய்ச் சேந்தாலும் பேனர் வெக்கறோம். இதுக்கு வெக்க மாட்டமா?”

“சேனல்காரன் கேஸ் போட்டான்னா?”

“போடட்டுமே. இப்பவாவது ஒர்த்தன் கண்டுக்கினானேன்னு சந்தோசப்படுவோம்.”

இங்கேதான் கவனிக்க வேண்டும். சேனல்காரனுக்குப் பயந்தேன். காற்றில் பேனர் விழுந்து யார் மண்டையாவது உடையுமோ என்று பயந்து நாலு பக்கமும் கூடுதலாகக் கம்பி கட்டினேன். ஆனால் டிசைன் போடும்போது மட்டும் எனக்கு எந்தப் பயமும் வரவில்லை.

நாகுவின் படத்தை எடுத்தேன். தலையில் விண்வெளி ஹெல்மெட், முகத்தில் பாதி நிழல். பார்க்க நன்றாக இல்லை என்று ஹெல்மெட்டைத் தூக்கினேன். கழுத்துக்குக் கீழே ஏதாவது வேண்டுமே. கை பழக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டேன். சட்டை போட்டதும் ஒரு தங்கச் சங்கிலி. பின்னால் மேகம், ரெண்டு புறா, ஒரு குத்துவிளக்கு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே, ‘எங்களைப் பாதியில் தவிக்க விட்டுச் சென்ற ஃபோர்மேன் நாகு’. ஓரத்தில் வருந்துகிறவர்களாக நானும் காதரும், காதில் போனை வைத்துக்கொண்டு. தொடரின் பெயரையும் அதன் நிறை குறைகளையும் அடியில் பொடி எழுத்தில் போட்டேன். விடிந்ததும் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு முனையில், அண்ணன் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் கட்டினோம்.

அன்று காலை அவருக்கு என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு புது மெகா தொடரில் கதாநாயகியின் அண்ணன் வேடம். கம்பெனி கார் வீட்டுக்கே வந்து அழைத்துப் போகும். “இதுவும் புட்டுக்கிச்சுன்னா லில்லி என்னை நடிப்புன்னு வாயத் தொறக்க வுட மாட்டாடா” என்று என்னிடமே சொல்லியிருந்தார். கார் வருகிற ஒரே வழி எங்கள் பேனர் வழி.

முதலில் ஸ்டாண்டு ஆட்கள் வண்டியை எல்லாம் ஓரம் கட்டினார்கள். யாரோ போய் ஆளுயர ரோஜா மாலை வாங்கி வந்தார்கள். யாரோ புளியந்தோப்பிலிருந்து சாவு மேளம் அழைத்துவிட்டார்கள். கூட்டத்தில் பொடி எழுத்தைப் படித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் என் சட்டையைப் பிடித்தார்.

“செத்த மனுசன் மேல, ‘சண்டைக் காட்சிகள் சுமார்’னு போட்டுகீறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

நான் விளக்கத் தொடங்கியபோது மேளம் ஆரம்பித்துவிட்டது. அதே நேரத்தில் காசிமேட்டிலிருந்து லில்லி அக்கா மீன் கூடையோடு வந்து நிமிர்ந்து பார்த்தார்.

“இப்பதானடா இட்லி துன்ட்டு பவுடர் போட்டுகினு இருந்தாரு” என்று மெதுவாகச் சொன்னார். கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம். மேளமும்.

தேவராஜ் அண்ணன் கண்ணாடி முன்னால் மீசையைச் சீவிக்கொண்டிருந்தார். லில்லி அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை முடிந்ததும் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். “உயிரோட இருக்கிற ஆளு ஒரு குரல் குடுக்கக் கூடாது?” பிறகு என்னைத் தேடினார். நான் மேளக்காரர் பின்னால் இருந்தேன்.

கார் மட்டும் வரவில்லை. முனை வரை வந்து, பேனரைப் பார்த்து, டிரைவர் ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

அண்ணன் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டார். “சார், தேவராஜ் பேசறேன்.”

“தம்பி, நீங்க அவரு பையனா? மனசைத் தேத்திக்கோங்க.”

“நான்தான் சார் தேவராஜ்.”

மேனேஜர் பயந்து போனை வைத்துவிட்டார். (அவரும் என் ஜாதி போலிருக்கிறது.)

நேரில் போய் நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. அண்ணனே தன் ஷேர் ஆட்டோவை எடுத்தார். பின்னால் நான், காதர், லில்லி அக்கா, இறங்க மறுத்த மேளக்காரர்கள் இருவர். வண்டி கிளம்பும்போது ஸ்டாண்டு ஆட்கள், அவர் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில், வாங்கின மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். வடபழனி வரை ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

“அண்ணே, இந்த வண்டிக்கு இந்த ரூட்ல பெர்மிட் கீதா?” என்று கேட்டேன்.

“நீ வாயத் தொறந்தன்னா நெஜமாவே ஒரு பேனர் வெக்க வேண்டி வரும்” என்றார் லில்லி அக்கா.

ஷூட்டிங் வீட்டில், கதாநாயகியின் அண்ணனாக வேறொருவர் மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். தேவராஜ் அண்ணன் மாலையைக்கூடக் கழற்றவில்லை. ஹால் சுவரில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தார். நாடகத்தில் ஏரோது ராஜாவாகச் சாகும்போதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. டைரக்டர் காலில் விழலாம் என்று குனிந்தேன்.

டைரக்டர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த மாலையையும் அதற்குள் இருந்த முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. லேசா சிரிங்க.”

கதாநாயகியின் இறந்துபோன அப்பா. வீட்டு ஹாலில் மாலையோடு மாட்டிய படம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதாநாயகி அதன் முன்னால் நின்று கதறுவாள். மூன்று முறை காட்டுவார்கள். தாய்மார்களுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போக, கனவில் வந்து புத்தி சொல்ல வைத்தார்கள். பிறகு ஃபிளாஷ்பேக்கில் வாரம் முழுக்க. உயிரோடு நடித்த ‘ஒன்பதாம் பெர்த்’ ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. செத்தவராக நடிக்கிற இது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதாநாயகியின் அண்ணனை ரெண்டாவது மாதமே லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள்.

லில்லி அக்கா என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அவர்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. யாருக்காவது ஜலதோஷம் என்றால்கூட, “அவன் காதுல போடாதீங்க, பேனர் கட்டிடுவான்.” லில்லி அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே, அவர் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்திருக்கிறது. குணமாகி நான் மறுபடி வேலைக்குப் போன அன்றுதான் என் மனைவி அதை என்னிடம் சொன்னாள்.