மூங்கில் கழி கட்டிய மோட்டார் படகு

"உன் வூட்டுக்காரரு இப்பல்லாம் படகுல பின்னாடி குந்தறதில்லியாமே? நர்சம்மா பக்கத்துலதான் குந்திக்கினு போறாராம்."

கழுவெளி ஏரிக்கரையில் கோரை அறுத்துக்கொண்டிருந்த குப்பம்மாள் இதைச் சொன்னதும் தையல்நாயகி அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அவள் புருஷன் தாண்டவராயன் விழுப்புரம் பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். போன மாதம்தான் ஆஸ்பத்திரிப் படகுக்கு டிரைவரானான். நர்ஸ் சவுரியம்மாளை அக்கரை ஊர்களுக்கு அழைத்துப் போய்வருவது வேலை. சீமையிலிருந்து வந்த மோட்டார், படகின் பின்பக்கம் இருக்கிறது. அதன் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறவனும் பின்னால்தானே உட்கார வேண்டும்?

போய்ப் பார்த்தாள். கைப்பிடியோடு நீளமாக ஒரு மூங்கில் கழியைக் கட்டியிருந்தான். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நடுப்பலகையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். அதே பலகையில், இடிக்காத குறையாக, அந்தப் பாழாய்ப்போன வெள்ளைச் சேலை.

"இன்னாய்யா அது கழி?" என்று வீட்டுக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவா? மோட்டாரும் நானும் பின்னாடியே இருந்தா பாரம் ஒரு பக்கமாப் பூடுது. படகு மூக்கைத் தூக்கிக்குது. முன்னால ஒண்ணும் தெரியல."

"முன்னால யாரைப் பாக்கணும் உனக்கு?"

மறுநாள் காலையிலேயே கழியை அவிழ்த்து வந்து அடுப்பில் வைத்து எரித்துக் கேப்பைக் களி கிண்டிவிட்டாள். களி நன்றாகவே வந்தது.

அன்று தாண்டவராயன் பின்னால்தான் உட்கார்ந்தான். ஆனால் படகு ஏனோ நேராகப் போகவில்லை. இரண்டு வட்டம் அடித்தது. பிறகு கோரைப் புதருக்குள் நுழைந்து மறைந்தது. வெகுநேரம் வெளியே வரவே இல்லை.

"நல்லா பண்ண போ," என்றாள் குப்பம்மாள். "வெட்டவெளியில இருந்தவங்கள நீயே மறைவுக்கு அனுப்பி வெச்சிட்ட."

தையல்நாயகி மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். மூக்கு தூக்குகிறது என்பதுதானே சாக்கு? மல்லாட்டைக் கடலை மூட்டை ஒன்றைக் கொண்டுபோய்ப் படகின் முன்பக்கம் போட்டாள்.

"இப்ப தூக்காது. நீ பின்னாடியே குந்து."

பாரம் தாங்காத படகு நட்டநடு ஏரியில் சேற்றுத் திட்டில் ஏறி நின்றுவிட்டது. டிரைவரும் நர்சும் இறங்கி, தோளோடு தோள் முட்டி, முக்கி முனகித் தள்ளினார்கள். கரைவழியே கிளியனூருக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனிமேல் பொறுப்பதில்லை என்று தீர்மானித்தாள். அடுத்த நாள் புதுக் கழி கட்டியிருந்த படகில் தானே ஏறினாள்.

"நீ எங்கடி வர்ற?"

"அக்கரைக்கு."

"அங்க இன்னா வேல?"

"அதைத்தான் பாக்க வர்றேன்."

இருவருக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மோட்டார் கிளம்பியதும் தாண்டவராயனுக்கு வேர்த்துக் கொட்டியது. தப்புப் பண்ணியவனுக்கு வேர்க்காமல் யாருக்கு வேர்க்கும்?

"நெசத்தைச் சொல்லிடு. இந்தப் படகுல இன்னா நடக்குது? சொல்லலன்னா இப்பவே திண்டிவனத்துல எங்க அண்ணன் வூட்டுக்குப் பூடுவேன்!"

ஓடுகிற படகிலிருந்து எப்படிப் போவாள் என்று அவளே யோசிக்கவில்லை. ஆனால் போகத்தான் போகிறாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

தாண்டவராயன் கழியை இறுகப் பிடித்தான். எதிரே மீன்வலை கட்டிய கம்புகள் வந்தன. பதறிப்போய், பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோலக் கழியை வலப்பக்கம் திருப்பினான். படகு இடப்பக்கம் திரும்பிக் கம்புகள் மேலேயே பாய்ந்தது.

சவுரியம்மாள் எட்டிக் கழியைப் பிடுங்கினாள். ஒரே தள்ளு. படகு கம்புகளை விட்டு விலகி, சமர்த்தாக நேரே போயிற்று.

"கொஞ்சம் தள்ளிக் குந்துங்கக்கா," என்றாள் அவள். "கழி கட்டுன நாளா ஓட்டுறது நான்தான், கரையில பாக்கறவங்களுக்காக அண்ணன் சும்மா கைய வெச்சிக்கினு வர்றாரு."