கோரினின் காலிக் கட்டம்

பெமிட்ஜி ஊரில் பனி முழங்காலுக்கு ஏறியிருந்த ஒரு திங்கட்கிழமை, ஆர்லோ ஹௌகன் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தான். வீட்டு வேலையில் பாதியைத் தான்தான் செய்கிறான் என்பதை உலகுக்கு, குறிப்பாக மனைவி கோரினுக்கு, நிரூபித்தே தீருவது!

கைபேசிச் செயலி எழுதுவதுதான் அவன் பிழைப்பு. உட்கார்ந்தான், எழுதினான். ஆர்லோவுக்கு ஒரு கட்டம், கோரினுக்கு ஒரு கட்டம். எத்தனை நிமிடம் வேலை பார்த்தோம் என்று அவரவர் கைரேகை வைத்து நிரப்ப வேண்டும். சனிக்கிழமை, நிமிடம் கூடியவருக்கு விடுதலை. ஆர்லோவுக்கு விடுதலை என்றால், நண்பன் வெர்லினோடு உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது.

முதல் நாளே கோரின் கட்டத்தைக் காலியாக விட்டுச் ‘சேமி’யை அழுத்தினாள். செயலி படுத்துவிட்டது.

“மயங்கி விழுந்துடுச்சு ஆர்லோ. தண்ணி தெளிக்கவா?”

அன்றே திருத்தினான்: காலி என்றால் பூஜ்யம். மறுநாள் வேலை மும்முரத்தில் அவள் எழுத மறந்தாள். திரையில் ஆர்லோ 25, கோரின் 0.

“பாத்தியா!” என்று குதித்தான்.

“எழுதலைன்னா தெரியாதுன்னு அர்த்தம். ஒண்ணுமே செய்யலைன்னு இல்ல. உன் டாக்டர் பிரஷரை எழுத மறந்துட்டா, பூஜ்யம்னு வச்சு உன்னப் பொதைச்சுடலாமா?”

தொழில் தெரிந்தவன்; காலி வேறு, பூஜ்யம் வேறு என்று ஒத்துக்கொண்டான்.

புதன்கிழமை அவள் ‘ஏராளம்’ என்று எழுதினாள். எண் மட்டும்தான் என்று எழுத்தைத் தடுத்தான். 5000 போட்டாள்.

“ஒரு நாளைக்கே ஆயிரத்து நானூத்தி நாப்பது நிமிஷம்தான்!”

“எனக்கு அப்படித் தோணலையே.”

வியாழக்கிழமை ஆர்லோ பழையதை எல்லாம் அழித்தான். சனிக்கிழமை ஒரு நாள்தான் போட்டி. இரண்டு கட்டத்திலும் சரியான எண் இருந்தால்தான் ‘சேமி’ வேலை செய்யும், சேமித்தால்தான் முடிவு.

“இனி ஒரு புள்ளியக்கூட மாத்தமாட்டேன். மாத்தினா நான் தோத்தவன்!”

“உன் இஷ்டம் ராசா” என்றாள் கோரின்.

சனிக்கிழமை விடிந்ததும் வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு 90 என்று போட்டான். வெர்லினின் வண்டி வாசலில் உறுமியது. கோரின் கட்டம் காலி. ‘சேமி’ அசையவில்லை.

“சீக்கிரம் எண்ணைப் போடு!”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. முடிச்சாத்தானே எண் வரும்?”

“அப்போ பூஜ்யம் போடேன்!”

“காலி வேற, பூஜ்யம் வேற. செவ்வாக்கிழமையே ஒத்துக்கிட்டே.”

“சரி, என்ன வேலைன்னு சொல்லித் தொலை. நானே செய்யறேன்!”

“துணி மடிக்கணும்.”

மடித்தான்.

“அடுப்பு தேய்க்கணும். குளியலறை இருக்கு. பாவம், ஃப்ரிட்ஜைப் பார்த்து எத்தனை நாளாச்சு!”

வெர்லின் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஆர்லோ நிமிர்ந்தபோது வீடு பளபளத்தது, வெளியே பொழுது சாய்ந்திருந்தது. செய்த நிமிடங்களைக் கூட்டி, தன் 90-ஐ 460 ஆக்கினான். கோரின் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, தன் கட்டத்தில் 4 என்று போட்டாள்.

“காபி போட்டேனில்ல?”

‘சேமி’ பச்சையானது. ஆர்லோ 460, கோரின் 4.

“ஜெயிச்சுட்டேன்!” என்று அவன் இரு கையையும் தூக்கியபோது கதவு தட்டப்பட்டது. வெர்லின். ஏரியிலிருந்து வந்த கையோடு, நண்பன் பங்கு என்று ஒரு வாளி மீனை வைத்துவிட்டுப் போனான்.

கோரின் கத்தியை எடுத்து ஆர்லோ கையில் கொடுத்தாள். “செதில் எடுக்கிற நிமிஷத்தையும் உன் கணக்குலயே சேர்த்துக்கோ.”